ஆயிரத்து எண்ணூறு வார்த்தைகள்

மதுரை
5.10.2025

அன்பு அக்காவுக்கு,

ஜெமி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மண்டைக்குத்தான் சுகமில்லை. விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்; இனி கடிதம்தான். தினமும் ஐம்பது ஆங்கில வார்த்தை மனப்பாடம். தப்பினால் ஒவ்வொன்றையும் இருபது தடவை எழுத வேண்டும். ஆஸ்டியர், ஆஸ்டூட், ஆஸ்பிஷியஸ் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒரே ஜாடை. எது எதுவென்று பிடிபடவில்லை. சட்டம் படிக்கப் போகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று எரிச்சலாக வருகிறது.

நுழைவுத் தேர்வுக்கு நீதான் எனக்காக விண்ணப்பிக்க வேண்டும். இந்த மாதம் 31 கடைசித் தேதி. போட்டோவும் கையெழுத்தும் இத்துடன் இருக்கின்றன. மறந்துவிடாதே.

உன் தங்கை
ஜெமி

தூத்துக்குடி
3.11.2025

பாசமுள்ள ஜெமிக்கு,

அக்கா எழுதுவது. அப்பா வேலைக்குப் போன தோணி மாலத்தீவு போய்ச் சேர்ந்துவிட்டதாம். அம்மாவுக்கு வாதம் வந்த கை லேசாக அசைகிறது. ஆனாலும் என் தோளைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. போன வாரம் மணப்பாட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "நீ வந்துட்டா அம்மைய யாரு பாக்கது?" என்று கேட்டார்கள். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. வார்த்தைகளை நன்றாகப் படி.

அன்பு அக்கா
விண்ணரசி

மதுரை
23.11.2025

அக்கா,

நான் கேட்டதைத் தவிர எல்லாம் எழுதியிருக்கிறாய். என் அறையில் எல்லாருக்கும் ஹால் டிக்கெட் வந்துவிட்டது, எனக்கு மட்டும் இல்லை. ஆயிரத்து எண்ணூறு வார்த்தை படித்து முடித்திருக்கிறேன். நேற்று ஐம்பதில் நாற்பத்தொன்பது சரி. எப்போதும் திட்டுகிற சாரே பாராட்டினார். விண்ணப்பம் போட்டாயா, இல்லையா? ஒரு வரி எழுதினால் போதும்.

ஜெமி

தூத்துக்குடி
26.11.2025

ஜெமி,

போடவில்லை.

கேஸ், ரேஷன் என்று எல்லாவற்றுக்கும் அப்பா நம்பரைக் கொடுத்தே பழகிவிட்டதால் இதற்கும் அதையே கொடுத்துவிட்டேன். ஓடிபி அந்தப் போனுக்குத்தான் வரும். போன் தோணி ஆபீசில் கிடந்தது. தோணி ஏறுகிறவர்கள் ஊரில் வைத்திருக்கும் போனை அங்கே கொடுத்துவைத்துவிட்டுத்தானே போவார்கள்? கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதை வாங்கப் போனேன். தோணி முதலாளி ராஜபாண்டி அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டு, "ஏளா, வெளிய ஏன் நிக்க? உள்ள வா" என்றார். சும்மாதான் வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

நீ தேறினால் ஐந்து வருடம் பெங்களூரில் இருப்பாய். எனக்கு முப்பத்தொன்று முடியப்போகிறது. உன் மேல் பொறாமையாக இருந்தது, வேறென்ன சொல்ல? போன் கிடைக்கவில்லை என்று பொய் எழுதிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை, கிழித்துப் போட்டேன். என்னை மன்னித்துவிடு.

விண்ணரசி

மதுரை
29.11.2025

அக்கா,

நம்பர் மாறிப்போனது என்றால் உன்னோடு நாலு நாள் சண்டை போட்டு ஓய்ந்திருப்பேன். வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறாய். திரும்பிய பிறகும் எனக்கு, வார்த்தைகளை நன்றாகப் படி என்று எழுதியிருக்கிறாய். நானும் படித்தேன்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வருகிறேன். அம்மாவை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். மணப்பாட்டுக்காரர்களை மறுபடி வரச்சொல். கல்யாண வேலை எல்லாம் முகம் கோணாமல் செய்வேன். கட்டிக்கொண்டு போன பிறகு எனக்குக் கடிதம் போடாதே.

ஜெமி