காருக்கும் விரதம்

மார்ச் 3, செவ்வாய்
புகைச் சோதனையில் என் கார் தோற்றது. தோற்கடித்தவள் அந்தச் சோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் என் சொந்தப் பேத்தி யாதிரா. டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்த இடத்தில் நான் ஒட்டியிருந்த மாதா படத்தை உரித்து, முத்தமிட்டு, என் கையில் கொடுத்துவிட்டுத் தோற்கடித்தாள். "எங்கியோ பெட்ரோல் ஆவி கசியுது ஆத்தா. பொய்யா பாஸ் போட்டா என் லைசென்ஸ் போயிரும்." அந்த லைசென்ஸுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவளே நான்தான்!

மாதக் கடைசியில் காரின் பதிவு முடிகிறது. அதற்குள் பாஸாகாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டுமாம். அவளுடைய அப்பன், என் மகன் ரொஹேலியோ சொல்கிறான். "எழுவத்திமூணு வயசும்மா. நாங்க கூட்டிட்டுப் போக மாட்டமா?" இவன் வரும்வரை கைப்பையோடு வாசலில் நிற்கவா நான் பிறந்தேன்?

மார்ச் 7, சனி
யாதிரா வீட்டுக்கே ஒரு இயந்திரம் கொண்டுவந்தாள். புகைக்காகத் தோற்ற காருக்குள் புகையையே அடிக்கிறாள்! எங்கே வெளியே வருகிறதோ அங்கே ஓட்டையாம். எதிர்வீட்டு செனைதா சிலுவை போட்டுக்கொண்டு தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டாள். வந்த நாலு பேரும் நான் கொடுத்த தமாலே, அதான் சோளமாவுக் கொழுக்கட்டை, தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பெட்ரோல் மூடியிலிருந்து புகை வந்தது. கண் படாமலிருக்க நான் அங்கே சுற்றிய சிவப்பு நூல்.

"நூலு நடுவுல கெடந்தா மூடி எப்பிடி ஆத்தா இறுகும்?"

"இறுகாட்டி என்ன, கண்ணு படலைல்ல?"

நூலை எடுத்தாள், அந்த மஞ்சள் விளக்கை அணைத்தாள். போதாதாம். கார் தன்னைத்தானே சோதித்துக்கொண்ட பிறகுதான் பாஸ். அதற்கு ராத்திரி முழுக்க ஆறிக் கிடக்க வேண்டும், டேங்க் நிறைந்திருக்கக் கூடாது. ரத்தம் எடுக்கப் போகிற மாதிரி. நானோ பம்ப் 'டிக்' என்று நின்ற பிறகும் இரண்டு அமுக்கு அமுக்குகிறவள்.

சரி, தவக்காலம்தானே. காரும் விரதம் இருக்கட்டும்.

மார்ச் 14
பெட்ரோலைக் கரைக்க, செனைதாவோடு பக்கத்து ஊர் மதேராவுக்கு மூன்று தடவை போய் வந்தேன்.

"எங்கடி போறோம்?" என்றாள் செனைதா.

"எங்கயும் இல்ல."

"அப்ப வேகமாப் போ, நேரமாச்சு."

மார்ச் 17
நேற்றுத்தான் பாதிக்கு இறங்கியது. இன்று காலை பார்த்தால் பெட்ரோல் முள் உச்சியில் — ரொஹேலியோ நிரப்பியிருக்கிறான்! "பாவம்னு நெனச்சேம்மா." பாவமா? யாருடா உன்னைக் கேட்டா? சாவி வேணும்னு செஞ்சியா, இல்ல நெசமாவே மடையனா?

மார்ச் 18
மதேரா.

மார்ச் 19
மதேரா. செனைதா தலையணை கொண்டுவந்தாள்.

மார்ச் 27, வெள்ளி
"தன்னையே பாத்துக்கிச்சு ஆத்தா. கசிவு இல்ல." பாஸ் தாளில் யாதிராவின் கையெழுத்து. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அவள் பெயரை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்
பூசைக்குக் கிளம்பினால், ரொஹேலியோவின் வண்டியில் அவன் மாமியார் வீட்டார் நிறைந்துவிட்டார்கள். நடந்து வந்து என் கண்ணாடியைத் தட்டினான். பின்கதவைத் திறந்துவிட்டேன்.

"அம்மா, சிக்னல் செவப்பு… செவப்பு!"

"நின்னுக்கிட்டுத்தானடா இருக்கோம்."