பேபி ஆஸ்டினுக்கு வேறு என்ஜின்

செஞ்சி
4 மே 1965, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடலை மண்டிக்கு மல்லாட்டை மூட்டை அதிகம் வரவில்லை. மத்தியானமே சாத்திவிட்டு மெக்கானிக் ராஜாங்கத்தின் ஷெட்டுக்குப் போனேன். நைனா விட்டுப்போன பேபி ஆஸ்டின் காரின் என்ஜினைக் கழற்றி வெளியே போட்டிருந்தான். பிளாக்கில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. கொதிக்கிற என்ஜினில் யாரோ பச்சைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள் என்றான். யாரோ என்ன யாரோ, நைனாதான். அவருக்குப் பொறுமை கிடையாது. எனக்கு மட்டும் இருக்கிறதா என்ன?

புளியமரத்தில் மோதி நொறுங்கிய ஸ்டாண்டர்டு டென் ஒன்று திண்டிவனத்தில் கிடக்கிறது. அதன் என்ஜினை இந்தச் சின்ன வண்டியில் ஏற்றப் போகிறோம். கடைத்தெருவே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

5 மே

சிரிப்பவனுக்கு என்ன தெரியும்? இரண்டு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரி சந்தனாவுக்கு வலி எடுத்தபோது பஸ் போய்விட்டது. மாட்டு வண்டியில் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். தீவனூர் ஏரியோரமே பிள்ளை பிறந்தது. அழவில்லை. அழாமலே போய்விட்டது.

இப்போது மறுபடியும் எட்டு மாதம். ஆஸ்பத்திரியில்தான் பிறக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜூன் முதல் வாரம் திண்டிவனத்தில் தர்மவதி அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. அதற்குள் வலி வந்தால்? அமாவாசை வந்தால் ஓடுகிற பஸ் எல்லாம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் என்று போய்விடும். என் வாசலில் ஒரு வண்டி நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

11 மே

என்ஜின் கட்டை வண்டியில் வந்து இறங்கியது. இறக்கிப் பார்த்தால் வண்டிக்குள் உட்காரவில்லை! முன்சட்டத்தை அறுத்து, புது இரும்பு வைத்து, ரேடியேட்டரை முன்னால் தள்ள வேண்டுமாம். கியர் பெட்டியும் ஸ்டாண்டர்டினுடையதேதான். பானெட் மூடாது, கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள் என்கிறான் ராஜாங்கம்.

அக்கா வீட்டுக்காரர் பேப்பரில் படித்தாராம்: ஜெர்மனியில் பிஸ்டனே மேலும் கீழும் போகாமல், வட்டமாகச் சுற்றுகிற என்ஜின் வந்துவிட்டதாம். வரட்டும். எனக்கு மேலும் கீழும் போகிறதே ஒழுங்காகப் போனால் போதும்.

19 மே, புதன்

ஸ்டார்ட் ஆகிவிட்டது! வீட்டு வாசலில் வைத்துத்தான். ராஜாங்கம் ஒரே சுற்றில் கிளப்பினான். சந்தனா வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாகிறது.

அதற்கு முன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியது நான்தான். ராஜாங்கம் கிணற்றிலிருந்து இறைத்து அப்படியே ஊற்றப் பார்த்தான். ஜைனன் வீட்டில் வடிகட்டாத தண்ணீர் வாய்க்கும் போகாது, பாத்திரத்துக்கும் போகாது. வண்டிக்கு மட்டும் எப்படிப் போகும்? வடிகட்டும் துணியை இரண்டாக மடித்து ரேடியேட்டர் வாயில் அமுக்கி ஊற்றினேன். "வண்டியும் நயினார் ஆயிடுச்சா?" என்றான் போக்கிரி. ஜைனரை ஊரில் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைத்தபின் நாங்கள் சாப்பிடுவதில்லை; தவறவிட்டால் இரவுக்கு எனக்குப் பட்டினிதான். இலை போட்டாச்சு என்று சந்தனா மூன்றாம் தரம் கூப்பிட்டாள். மூடியைத் திருகிவிட்டு ஓடினேன். சாப்பிட்டு வந்தபிறகுதான் வண்டியைக் கிளப்பியது.

20 மே

திண்டிவனம் ரோட்டில் வல்லம் போவதற்குள் கொதித்துவிட்டது.

22 மே

இன்றும். அதே இடம். பானெட் இடுக்கில் ஆவி சீறுகிறது. கடவுளே.

23 மே

தண்ணீர் வடிகட்டும் துணியைக் காணோம் என்று சந்தனா வீடெல்லாம் தேடினாள். காக்கா தூக்கிப் போயிருக்கும், வேறு துணி கிழித்துக்கொள் என்றேன். எனக்கிருக்கிற கவலையில் துணிதான் முக்கியமா?

26 மே, புதன்

ராஜாங்கத்தோடு சண்டை. பெரிய என்ஜினுக்குச் சின்ன ரேடியேட்டர் போதும் என்று சொன்னவன் நீதானே என்று கேட்டேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "என்ஜின் நல்லாத்தான் இருக்குது நயினாரே. எங்கியோ தண்ணி நிக்குது. ரேடியேட்டரை கயட்டிப் பாத்துடலாம்."

இனி ஒரு திருகைக் கழற்றினாலும் கையை ஒடிப்பேன் என்றேன். கழற்றுவான், திண்டிவனம் போவான், ஒரு வாரம் ஆகும். அதற்குள் வலி வந்தால்? நீ என் வண்டியைக் கெடுத்தவன் என்றும் சொல்லிவிட்டேன். தெருவே பார்த்தது.

"பேர்லதான் சீதளம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஸ்பேனர்களைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பேரென்னவோ குளிர்ச்சியாகச் சீதளநாதன்தான். உள்ளே எரிகிறதே, அதற்கு நான் என்ன செய்ய?

29 மே

நாளை அமாவாசை. சந்தனாவுக்குச் சாயங்காலத்திலிருந்து இடுப்பு வலி. சூட்டு வலி என்கிறாள். சூட்டு வலிதானா?

திண்டிவனம்
31 மே, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு வலி எடுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஒரு பஸ் இல்லை, ஒரு டாக்ஸி இல்லை, எல்லாம் மேல்மலையனூர். ராஜாங்கத்தின் ஷெட்டும் பூட்டு. எதிர்வீட்டுத் தைலம்மாள் அங்காளம்மனுக்குக் கட்டிய பூவோடு கிளம்பி நின்றவள், கூடையைக் கீழே வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். அந்தப் பெண்பிள்ளைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்.

வடிகட்டிய தண்ணீர் இரண்டு குடம் எடுத்துக்கொண்டோம். வல்லத்தில் கொதித்தது. நிறுத்தி, ஆறவைத்து, ஒன்றை ஊற்றினேன். மறுபடி கொதித்தது. வண்டி நின்ற இடம் எது? தீவனூர் ஏரி. அதே இடம். சந்தனா வெளியே பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

கொஞ்சம் ஆறியதும் இரண்டாவது குடத்தை ஊற்றினேன். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. வாயிலேயே நின்று வழிந்தது; குடத்துத் தண்ணீர் முழுவதும் தரையில் கொட்டிப்போனது. குனிந்து பார்த்தேன். உள்ளே ஏதோ பழுப்பாகத் தெரிந்தது. ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தேன். வந்தது. சந்தனா தேடிய துணி. நான் வைத்த துணி. ராஜாங்கம் சொன்ன "எங்கியோ" அதுதான்.

அழக்கூட நேரமில்லை. ஏரி காய்ந்து கிடந்தது. நடுவில் மட்டும் ஒரு குட்டை. தலைப்பிரட்டையும் பொடி மீனும் சோற்றுப் பருக்கை மாதிரி நெருங்கிக் கிடந்தன. குடத்தை அப்படியே அமுக்கப் போனேன். வண்டிக்குள்ளிருந்து சந்தனா கத்தினாள்.

"வடிகட்டி எடுங்க!"

"இந்த நேரத்துலயா? அறிவு இருக்குதாடி உனக்கு?"

ஒரு வலி வந்து போனது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இங்கதான் அது போச்சு. இன்னிக்கு நம்மால எதுவும் சாகக் கூடாதுங்க."

அதே துணியை அலசி, மடித்து, குடத்தின் வாயில் கட்டி, கையால் மொண்டு மொண்டு ஊற்றினேன். துணியில் துள்ளியவற்றைக் குட்டையிலேயே உதறி அலசிவிட்டேன். அழுதுகொண்டேதான் செய்தேன், யார் பார்த்தால் என்ன. நான் திரும்பி வருவதற்குள் என்ஜின் ஆறியிருந்தது. நைனா மாதிரி அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். கடகடவென்று உள்ளே இறங்கியது. அந்தச் சத்தத்தை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். துணி என் தோளில்தான் இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டு மூடினேன்.

பிறகு வண்டி கொதிக்கவே இல்லை. குதிரை மாதிரி ஓடியது.

பெண். பிறந்ததும் அழுதாள். வராந்தாவரைக்கும் கேட்டது.

செஞ்சி
13 ஜூன், ஞாயிறு

கண்டக்டர் விநாயகத்திடம் ராஜாங்கத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன்: உள்ளே இருந்தது என் துணி, உன்னைப் பேசியதெல்லாம் தப்பு, வந்து வண்டியை ஓட்டி எங்களை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று. வருவானா மாட்டானா என்று விடியுமுன்னே வாசலில் வந்து நின்றேன். முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டான்.

அக்கா வீட்டு வாசலில் அவனே தண்ணீர் ஊற்றினான். யாரும் சொல்லாமலே வடிகட்டினான். கடைசியில் துணியை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினான். "பாத்துக்குங்க நயினாரே." பிறகுதான் மூடியைத் திருகினான். சந்தனா சிரித்த சிரிப்பில் பாப்பா விழித்துக்கொண்டாள்.

தீவனூர் ஏரி வந்தபோது அழ ஆரம்பித்தாள். செஞ்சி மலை தெரியும்வரை வீறிட்டு அழுதுகொண்டே வந்தாள். நாங்கள் யாரும் அவளை அமர்த்தவில்லை.