உங்கள் சட்டைப்பையில் இருந்த காற்று

என் அருமை அத்தானுக்கு,

பழைய காற்றாலைச் சாமான் வாங்கி விற்கிறவன் நான். காற்றைப் பற்றி எனக்கு ஒருவர் புதிதாகச் சொல்ல முடியுமா? நேற்று உங்கள் மகள் இசக்கி சொல்லிவிட்டாள்.

ஆனியில் நாங்குநேரிக்கு, நான் சாமான் போட்டு வைக்கிற கிட்டங்கிக்கு வந்தீர்களே, நினைவிருக்கிறதா?

“மாப்ளே, இசக்கி நட்சத்திரக் காத்தைப் பத்தி ஆராய்ச்சி படிக்கணுங்கா. தாய்மாமன் நீ சரின்னாத்தான் உங்க அக்கா விடுவா.”

“நட்சத்திரத்துல காத்தா? யாரு ஊதுதாவ?”

“அதோட வெளிச்சமே தள்ளுதாம்.”

“எங்க கடை பல்பு எத்தன வருசமா எரியுது! ஒரு போல்ட்டைத் தள்ளிருக்கா அத்தான்?”

வேலையாட்களெல்லாம் சிரித்தார்கள். அளக்காத காற்றை நம்பமாட்டேன் என்று முடித்துவிட்டேன். நம் தொழிலில் அப்படித்தானே? கம்பம் நட்டு, ஒரு வருடம் அளந்த பிறகுதானே காத்தாடி வைக்கிறோம்.

ஆடி பிறக்கும் முன்னே நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். இசக்கிக்கு நானே மாப்பிள்ளை பார்த்தேன். நேற்று சாயங்காலம் பூ வைக்க வருவதாக இருந்தார்கள். காலையில் இசக்கி கிட்டங்கிக்கு வந்து ஒரு படத்தை நீட்டினாள்.

“அளந்தா நம்புவேன்னு சொல்லுவியல்லா மாமா? இந்தா.”

மார்கழியில் கிழக்கே வரிசையாக மூன்று நிற்குமே, அதில் நடு நட்சத்திரம். அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து வரைந்த கோடு. அதில் ஒரு பள்ளம், இருக்கவேண்டிய இடத்தை விட்டு விலகிக் கிடந்தது. அந்த விலகலை வைத்து வேகத்தைக் கணக்கிடுவார்களாம்.

“எவ்வளவு?”

“விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல.”

விநாடிக்கு இருபத்தைந்து மீட்டர் வீசினாலே நாம் காத்தாடியை நிறுத்திவிடுகிறோம், அத்தான்!

“சூரியனைவிட அம்புட்டு பெருசு, அம்புட்டு சூடு. அதோட வெளிச்சமே அது உடம்பைப் பிச்சுப் பிச்சு வெளிய தள்ளுது மாமா.”

தன் வெளிச்சமே தன்னைக் கரைக்குமா? படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தேன்.

“இதை அப்பாகிட்ட காட்டுனியா?”

“இந்தப் படத்தை மடிச்சு சட்டைப்பையில வச்சுக்கிட்டுத்தான் அன்னைக்கு உங்களப் பாக்க வந்தாவ.”

“எங்கிட்ட எடுக்கவே இல்லியேட்டீ!”

“எல்லாரும் சிரிச்சியளாமே மாமா.”

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். நான் கேட்ட அளவு என் முன்னாலேயே, உங்கள் நெஞ்சருகில் இருந்திருக்கிறது. எடுக்க நான் விட்டேனா?

மாப்பிள்ளை வீட்டாரிடம் போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இசக்கி படிக்கட்டும் என்று அக்காவிடமும் சம்மதம் சொன்னேன். “இதை அவுஹ இருக்கும்போதே சொல்லிருக்கலாம்லாடே?” என்றாள்.

இசக்கியைப் படிக்கிற இடத்துக்கு நானே கூட்டிப் போய் விடுவேன். இனி யார் பேச வந்தாலும், பையில் இருப்பதை எடுக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன். இது சத்தியம், அத்தான்.

உங்கள் மைத்துனன்,
இசக்கியின் தாய்மாமன்,
சுடலைமுத்து