டெய்சியின் பாதி

11.11.96
எம்.எஸ்சி.யில் இப்போது எல்லாமே துண்டு துண்டுதான். ஒவ்வொரு தாளுக்கும் அசைன்மென்ட், செமினார், டெஸ்ட் சேர்த்து நாற்பது மார்க். செமஸ்டர் பரீட்சைக்கு அறுபது. எதில் தவறினாலும் அந்தத் தாளை மட்டும் மறுபடி எழுதினால் போதும். புராஜெக்ட் மட்டும் இரண்டு பேர் சேர்ந்து. ரிப்போர்ட்டுக்கு இருவருக்கும் ஒரே மார்க். வாய்மொழித் தேர்வான வைவாவில் அவரவர் பதிலுக்கு. எனக்கு ஜோடி டெய்சி. தலைப்பு, மஞ்சள் பயிரில் வரும் இலைப்புள்ளி நோய். ஈரோட்டுப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய் இலை சேகரிப்பது நான். லேபில் பூஞ்சையைப் பிரித்து வளர்ப்பது அவள்.

15.1.97
பொங்கலுக்கு ஆனைமலை. அப்பா சொல்லிவிட்டார்: “கிளாஸ்ல மொதலா வந்தீன்னா எம்.ஃபில். படி கண்ணு. இல்லீன்னா ஜாதகத்த எடுத்துப்போடலாம்.” இதுவரை, வகுப்பில் எனக்கு அடுத்து வரும் மதன்குமாரைவிடக் கொஞ்சம் முன்னால் இருக்கிறேன்.

27.3.97
ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. டெய்சிக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரியில் அவள் அம்மா, எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார்.

4.4.97
வெளித் தேர்வாளர் வருவது ஒரே நாள். டெய்சி நவம்பரில்தான் வைவா கொடுக்க முடியும். துறைத் தலைவர் லட்சுமணசாமி சார் என்னைக் கூப்பிட்டு, “முழுசையும் நீயே சொல்லிப்போடு அம்மணி. பதில் சொல்றவங்களுக்குத்தான் மார்க்” என்றார். அப்புறம் டெய்சியிடம் கேட்க என்ன இருக்கும் என்றேன். அவள் வேறு புராஜெக்ட் செய்ய வேண்டியிருக்கும் என்றார், சாதாரணமாக.
இத்தனை மாச வேலை. அவளுடையது.

9.4.97
வைவா. தோட்டத்து வேலை பற்றிக் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். பூஞ்சையை எப்படிப் பிரித்தீர்கள் என்றார் தேர்வாளர்.
“அது டெய்சி செஞ்சதுங்க சார். அவளத்தான் கேக்கோணும்.”
“உனக்குத் தெரியாதா?”
“தெரியுமுங்க.”
அதற்கு மேல் சொல்லவில்லை. அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.
எனக்கென்ன கிறுக்கா? அப்பாகிட்ட என்ன சொல்லப் போறேன்?

2.6.97
ரிசல்ட். மதன்குமார் முதல். நான் இரண்டாவது.

4.6.97
அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். பதில் தெரிந்துமா சொல்லவில்லை என்றார். ஆமாம் என்றேன். கை கழுவிவிட்டு வந்து, “அந்தப் புள்ளைக்கு இப்ப ஒடம்பு தேவலையா?” என்று கேட்டார். ஜாதகப் பேச்சை எடுக்கவில்லை.

20.11.97
டெய்சிக்கு வைவா. நான் இப்போது இங்கேயே எம்.ஃபில். மாணவி என்பதால் ஸ்லைடு மாற்ற என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். அதே ரிப்போர்ட், அதே கேள்வி. டெய்சி நிதானமாகச் சொன்னாள். முதலில் இலைத் துண்டுகளைக் கிருமி நீக்கும் மருந்தில் அதிக நேரம் ஊற வைத்துவிட்டாளாம். பூஞ்சையும் சேர்ந்து செத்துப்போனதாம். அதை அவளே கண்டுபிடித்து நேரத்தைக் குறைத்த பிறகுதான் வளர்ந்ததாம்.
லேபில் அவள் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். தெரியும் என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். எனக்கு இது தெரியாது.