மூச்சு வெட்டிய பாட்டு

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

நீரும் மகளும் சுகமென்று நம்பி எழுதுகிறேன். மாமியின் முழங்கால் நோ குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. மொன்ட்ரியாலில் குளிர் இன்னும் விடவில்லை, அவ்வளவுதான்.

போன கிழமை ஒரு பகிடி. மிர்லாந்த் என்ற ஹெயிட்டிப் பாடகியின் 'சோல்' இசைப் பாட்டொன்றை ஆறு மாதமாகத் தயாரித்தேன் அல்லவா? வரிகளுக்கு நடுவே அவள் மூச்சிழுக்கிற சத்தத்தையெல்லாம் கணினியில் வெட்டி, குரலைப் பளிங்காக்கிப் போட்டுக் காட்டினேன். "இதில் நான் எங்கே?" என்று பிரெஞ்சில் கேட்டாள். பாட்டை வேறொருவரிடம் கொண்டுபோய்விட்டாள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. மகளுக்குச் சோறு தீத்தும்போது போடுவதற்கு நான் பாடி அனுப்பிய பாட்டையும் அப்படித்தான் இருமலையும் சிரிப்பையும் வெட்டித் துடைத்துத் திரும்ப அனுப்பினேன். "இது அப்பா இல்லையாம், வாயைத் திறக்கிறாள் இல்லை" என்று நீர் சொன்னபோது, உம்மைத்தான் ஏசினேன். மன்னியும்.

பழைய பதிவைக் கணினியில் இடம் காணாதென்று அழித்துவிட்டேன். நாலு நாளாகத் திரும்பப் பாடிப் பார்க்கிறேன். அந்த இருமல் வருகிறது. நடுவில் வந்த சிரிப்பு வரவில்லை.

உங்கள் விசாவுக்கு இன்னும் பதில் இல்லை. நீர் அனுப்புவதாகச் சொன்ன மிளகாய்த்தூள் அவசரமில்லை. உம்முடைய போனில் அந்தப் பழைய பாட்டு இருந்தால் உடனே அனுப்பும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. மகளுக்காக மட்டும் கேட்கவில்லை, ஜெசிந்தா. நான் எப்படிச் சிரிப்பேன் என்று ஒருக்கால் எனக்குக் கேட்க வேண்டும்.

எட்மன்