முப்பத்தொரு இடத்தில் ஒரு பெயர்

சென் ஜேம்ஸ் ரவுண்,
ரொறொன்ரோ.
செப்டெம்பர் 14

அன்பு மகள் நிரூபாவுக்கு,

ஆண்டவர் அருளால் நான் நலம். முழங்கால் மட்டும் நான் சொல்வதைக் கேட்பதில்லை. அந்தப் பாலைவனத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலுக்குத் தொப்பி போட்டு, சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

உங்கள் ஊரின் கதையென்று நீ ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய நாற்பத்திரண்டு பக்கங்களையும் திருத்தி முடித்துவிட்டேன். நீ அதை வாசிக்கவேண்டிய அதிகாரிகள் கூட்டம் பதினெட்டாம் திகதி என்பதால், கீழ்மாடிப் பிரதீபா அவற்றை நேற்றே கணினியில் அனுப்பிவிட்டாள். இந்தக் கடிதம் உங்கள் தபால் விமானத்துக்குக் காத்திருந்து ஆறுதலாக வரட்டும். உங்கள் தொலைபேசியில் பேசினால் நீ கிணற்றுக்குள் நின்று பேசுவதுபோல் இருக்கிறது. எழுதினால்தான் எனக்கு நிறைவு.

முதலில் கண்டிப்பு. நான் இருபத்தாறு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். என் மகள், அதுவும் ஒரு பாடசாலையை நடத்துகிறவள், காற்புள்ளியை உப்புத் தூவுவதுபோல் தூவக்கூடாது.

இனி உண்மையைச் சொல்கிறேன். வாசிக்க வாசிக்க நான் இந்தப் பத்தொன்பதாம் மாடியில் இருக்கவில்லை. உங்கள் ஊரின் பெயர் என் நாவில் இன்னும் பிடிபடவில்லை. மணலுக்குள் ஊற்று இருக்கும் இடம் என்று அதன் பொருளை எழுதியிருந்தாய், ஆகவே எனக்கு அது ஊற்றடி. மழை பொய்த்த வருடங்களில் அந்த ஆதிகுடிச் சனங்களை அரசாங்கம் லொறியில் ஏற்றி முந்நூறு மைல் தள்ளியிருந்த பாதிரிமாரின் மிஷனில் இறக்கியதும், மாவும் சீனியும் அளந்து கொடுத்ததும், பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து விடுதியில் போட்டதும் வாசித்தேன். பிறகு எண்பதாம் ஆண்டில் அந்தப் பெரியவர் ஒரு பழைய ட்ராக்டரோடு பதினேழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி நடந்த கதை. மா வந்த தகரப் பேணியால் மணலைத் தோண்டத் தோண்ட ஈரம் வந்ததும், அவர் குடிப்பதற்கு முன் ஊற்றைப் பார்த்து, நாங்கள்தான், வேறு ஆட்கள் இல்லை, திரும்பி வந்திருக்கிறோம் என்று உரத்துச் சொன்ன இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். யன்னலுக்கு வெளியே ஏரிப் பக்கம் பனிப்புகார் மூடியிருந்தது. அதற்குள் அந்த ட்ராக்டரின் சத்தம் கேட்டது என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

மின்தூக்கியில் தியாகலிங்கம் அண்ணையைக் கண்டேன். என்ன ரீச்சர், உங்கட பிள்ளை உந்த வனாந்தரத்தில ஒட்டகமோ மேய்க்குது, இஞ்ச பக்கத்தில மார்க்கம் ரவுணில பள்ளிக்கூடம் இல்லையோ என்று கேட்டார். ஓம் அண்ணை, உங்கட மகன் மிசிசாகாவில விமானத்துக்குப் பெட்டி ஏத்துறதைவிட ஒட்டகம் மரியாதையான சீவன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பிறகு கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் அதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

மிஷன் மணி அடித்ததும் வரிசையில் நிற்க வேண்டும், சொந்தப் பாஷை பேசினால் சாப்பாடு இல்லை என்று அந்தப் பெரியவரின் தங்கை மேபெல் அன்ரி சொன்னதை எழுதியிருக்கிறாய். எங்கள் கொன்வென்ரிலும் மணி அடிக்கும். தமிழில் பேசினால் கழுத்தில் ஒரு மட்டையைத் தொங்கவிடுவார்கள். என் கழுத்தில் ஒரு நாளும் அது தொங்கியதில்லை என்று இன்றுவரை பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். உன் பக்கத்தை வாசித்தபின் அந்தப் பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது இருக்கட்டும்.

உன் எழுத்தில் பெரிய குறை ஒன்று. ஊரையே திருப்பிக் கொண்டுவந்த மனிதரை முழுவதும் 'அந்தப் பெரியவர்' என்றே எழுதியிருக்கிறாய். எண்ணினேன், முப்பத்தொரு இடம். ஒருவருடைய பெயரை மறந்தால் ஆளையே மறந்த மாதிரி. தண்ணீர் மோட்டாரையும் மின்சாரத்தையும் நிறுத்தப்போகிறோம் என்று வரும் அதிகாரிகளுக்கு முன்னால், அங்கே வாழ்ந்தது யார் என்று பெயர் சொல்லாமல் எப்படி வாதாடுவது? நூலகத்தில் பழைய மிஷன் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். விடுதிப் பிள்ளைகளின் படத்தின் கீழே, தங்கை மேபெலின் கையைப் பிடித்தபடி நிற்கும் பையனின் பெயர் இருக்கிறது. முப்பத்தொரு இடத்திலும் அதைப் போட்டுவிட்டேன். வாசிக்கும்போது உனக்கே வித்தியாசம் தெரியும்.

உன் கடைசிப் பந்தியில் உன் அண்ணனைப் பற்றி நீ கேட்டதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. கார்த்திகையில் இறந்தவர்களுக்காகக் கோவிலில் கொடுக்கும் உறையில் யாருடைய பெயரை எழுதுவது என்று எனக்குத் தெரியும்.

இறைவன் உன்னையும் ஊற்றடியையும் காப்பாராக.

அன்புள்ள அம்மா,
மேரி பிலோமினா இக்னேசியஸ்


சென் ஜேம்ஸ் ரவுண்,
ரொறொன்ரோ.
நவம்பர் 9

என் மகளே,

உன் கடிதம் கிடைத்து ஆறு நாட்களாகின்றன. ஐந்து முறை பதில் எழுதிக் கிழித்தேன். நான் கிழித்து எழுதுகிறவள் அல்ல என்பது உனக்குத் தெரியும்.

திருத்திய பிரதி வந்த நேரம் ஊரில் காய்ச்சல், நீ மருந்துப் பெட்டியோடு வீடு வீடாகத் திரிந்தாய், அம்மா பார்த்தது சரியாகத்தான் இருக்கும் என்று மறுபடி வாசிக்காமலே கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தில் எழுந்தாய் என்று எழுதியிருந்தாய். கொப்புகள் வேய்ந்த பந்தலின் கீழ் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருக்க, மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெயர் உன் வாயிலிருந்து விழுந்தது. மேபெல் அன்ரி முகத்தை மூடிக்கொண்டு எழுந்தார். அவர் பின்னால் பெண்கள் எல்லோரும். பொழுதுபடுமுன் முழு ஊரும் பாய் தலையணையோடு காய்ந்த ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அடுத்த நாள் பாடசாலையில் நீயும் கரும்பலகையும் மட்டும். அதிகாரிகள் டிசம்பர் மூன்றாம் திகதி திரும்பி வருவார்கள். அன்றைக்கும் மேபெல் அன்ரி வாய் திறக்காவிட்டால் மோட்டார் நிற்கும், ஊர் கலையும். அவர் இன்னும் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

பிழை என்னுடையது அம்மா என்று எழுதியிருந்தாய். அந்த வசனத்தை நான் திருத்துகிறேன். பிழை என்னுடையது.

இறந்தவரின் பெயரை அங்கே சொல்லமாட்டார்கள் என்பதை நான் தெரிந்திருக்க வேண்டும். பாடசாலைச் சுவரில் ஒரு படத்துக்குத் துணி போட்டு மூடியிருக்கிறது என்று இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதியிருந்தாய். தூசிக்காக என்று நினைத்தேன். நல்ல வழக்கம் என்றுகூட நினைத்தேன்.

எனக்குத் தெரிந்தது வேறு முறை. கார்த்திகை வந்தால் இறந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, உறையில் போட்டுக் கோவிலில் கொடுப்போம். ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் பங்குச் சுவாமி ஒவ்வொன்றாக உரத்து வாசிப்பார். ஒரு பெயர் விடுபட்டால் அந்த ஆத்துமாவை இருட்டில் விட்டதுபோல் எங்களுக்கு. இந்தப் பழக்கத்தோடுதான் நான் அந்த முப்பத்தொரு இடத்திலும் பேனாவை வைத்தேன். மரியாதை செய்கிறேன் என்றே நம்பினேன்.

உன் கடிதம் திருநாளுக்கு மறுநாள்தான் வந்தது. திருநாளன்று பூசையில் இருந்தேன். அப்பாவின் பெயர் வந்தது, தலை குனிந்தேன். பிறகு வேறு யாருடைய பிள்ளைகளோ, வேறு யாருடைய தாய்மாரோ. நான் என்ன கேட்டுக்கொண்டிருந்தேன் தெரியுமா? ஒரு பெயர் வந்துவிடக்கூடாதே என்று. நான் எழுதாத பெயர். வேறு யாரோ ஒருவருக்கும் அதே பெயர் இருந்துவிடலாமே என்று முப்பத்தைந்து வருடமாக ஒவ்வொரு திருநாளிலும் விரல்களை மடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது ஒரு மாலை, தேநீருக்கு ஏன் பால் இல்லை என்று கேட்டாய். கடை பூட்டு என்றேன். கடை பூட்டவில்லை. பாலை எடுத்துக் கடையின் தள்ளுவண்டிலில் வைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த வரிசையில் ஒரு தமிழ்த் தாய், டேய், உங்க நிக்காத, இஞ்ச ஓடி வா என்று தன் மகனைக் கூப்பிட்டாள். கூப்பிட்டது உன் அண்ணனின் பெயரை. நான் வண்டிலை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். ஆலங்கட்டி கொட்டியது. குடையும் உள்ளே இருந்தது. நான் திரும்பிப் போய் எடுக்கவில்லை.

சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அவனை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன நாளிலிருந்து நானும் அவன் பெயரைச் சொன்னதில்லை. நீ கவனித்திருப்பாய். நான் அவனை உன் அண்ணன் என்பேன், பெரியவன் என்பேன். செத்தவனாக எழுத என்னால் முடியாது, இருக்கிறவனாகக் கூப்பிடவும் வாய் வராது. அவனுடைய படம் என் சேலைகளுக்கு நடுவே வெள்ளைத் துணியில் சுற்றி இருக்கிறது. தூசிக்காக என்று உனக்குச் சொல்லியிருந்தேன்.

நேற்று விடியப்புறம் ஒரு கனவு. வெளியே முதல் பனி. அந்தப் பதினேழு பேரும் கீழே தெருவால் நடந்து போகிறார்கள், வெறும் காலோடு. மிதித்த இடமெல்லாம் பனி சிவப்பு மண்ணாக மாறுகிறது. வரிசையின் முடிவில் பதினெட்டாவதாக ஒருவன். நடையை வைத்தே யாரென்று தெரிந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போது முன்னால் போன ஒரு கிழவி திரும்பி, விரலை உதட்டில் வைத்தார். கோபமாக இல்லை, நித்திரை கொள்ளும் குழந்தையைக் காட்டி வைப்பதுபோல. நான் வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் ஏரி வரைக்கும் போனார்கள். எழும்பியபோது என் மனம் அமைதியாக இருந்தது.

பிரதி மறுபடி வருகிறது. முப்பத்தொரு இடத்திலும் 'அந்தப் பெரியவர்' என்று என் கையாலேயே திருத்தி, ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சரிபார்த்தேன். உன் காற்புள்ளிகளில் சிலவற்றையும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அங்கே மூச்சு விட வேண்டியிருக்கிறது.

ஆற்றைத் தாண்டி மேபெல் அன்ரியிடம் போ. அவர் கூப்பிடும்வரை தூரத்தில் இரு, எத்தனை நாளானாலும். இந்த ஊருக்குள் இனி வராதே என்று அவர் சொன்னால், வாதாடாமல் வந்துவிடு, உன் அறை இருக்கிறது. கேட்கச் சம்மதித்தால், ரொறொன்ரோவில் அவர் வயதில் ஒருத்தி, வாழ்க்கையில் அதிகம் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள், கேட்கிறாள் என்று சொல். ஊற்றின் முன்னால் அவருடைய அண்ணர் செய்ததுபோல் அதிகாரிகள் முன்னாலும் யாராவது உரத்துச் சொல்லத்தான் வேண்டும், அதைச் சொல்ல அவரைத் தவிர ஆளில்லை என்றும் சொல்.

இன்னொன்றும் கேள். சில வருடங்கள் போனபின் அந்தப் பெயர்கள் மெதுவாகத் திரும்பி வரும் என்று ஒருமுறை எழுதியிருந்தாய். எத்தனை வருடம் என்று கேட்டு எழுது. எனக்கு எழுபத்தொன்பது வயது.

தூரத்திலிருந்தே உன் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுகிறேன். இந்தக் கடிதத்தை அவருக்கு மொழிபெயர்த்து வாசித்துக் காட்டு. இதில் இறந்தவர் ஒருவருடைய பெயரும் இல்லை, அப்பாவிடமிருந்து வந்த என் பெயரின் பின்பாதியைக்கூட விட்டுவிட்டேன். பயப்படாமல் உரத்தே வாசிக்கலாம்.

உன் அம்மா,
மேரி பிலோமினா