லிவியாதானின் பல்

மாசி 5, திங்கள்
காலையிலேயே வெயில். பல் செட்டு மூன்று பாக்கி (மேல் 2, கீழ் 1). திருச்சுழிப் பக்கத்துப் பள்ளிக்கூட அறிவியல் டீச்சர் கடைக்கு வந்தார். கண்காட்சிக்கு ஒரு பல் வேண்டுமாம். மனுஷப் பல் இல்லை. லிவியாதான். எப்போதோ அழிந்துபோன திமிங்கிலம். பல் ஒரு அடிக்கு மேல்.
"அருப்புக்கோட்டையில பல்லு செய்றவுக நீங்கதான். வேற யாருகிட்ட கேக்க?"
சரி என்றேன்.

செவ்வாய்
டீச்சர் தந்த தாளைப் படித்தேன். பெரு நாட்டுப் பாலைவனத்தில் தோண்டி எடுத்தது. முன்பு அங்கே கடல். இப்போதுள்ள எண்ணெய்த் திமிங்கிலத்துக்குக் கீழ்த்தாடையில்தான் உருப்படியான பல். அதன் இந்தப் பழைய சொந்தத்துக்கு மேலும் கீழும். மற்ற திமிங்கிலங்களையே கடித்துத் தின்றிருக்குமாம்.
அண்ணன் நினைப்பு. புற்று வந்து மதுரையில் பாதிக் கீழ்த்தாடையை எடுத்து ஆறு மாதம். செட்டு உட்கார எலும்பு இல்லை. பாலவனத்தத்தில் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

புதன்
பிளாஸ்டர் ஊற்றியாச்சு. உள்ளே கம்பி. நல்ல கனம். நிறம்தான் சுண்ணாம்புக் கட்டி மாதிரி. அண்ணன் போர்டு எழுதும் பெயிண்டர். கேட்கலாமா?

வியாழன்
பல்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர்: "என்னண்ணே, அம்மிக்குழவியா?"
அண்ணன் வெகுநேரம் தடவிப் பார்த்தார். பேச்சு குழறும். எனக்கும் மதினிக்கும் புரியும்.
"இது எப்பிடிலே செத்துச்சு?"
"கடலு குளுந்துபோச்சாம். எரை கொறஞ்சுபோச்சாம்."
"இம்புட்டுப் பல்லு இருந்துமா?"
மதினியிடம் பெயிண்ட் டப்பாவை எடுக்கச் சொன்னார்.

சனி
கண்காட்சி. அண்ணனும் வந்தார், முகத்தில் துண்டு சுற்றி. பல் அசல் பழைய எலும்பு நிறம், வேர்ப்பக்கம் கருப்பு. நல்ல வேலை.
ஒரு சின்னப்பிள்ளை: "தாத்தா, வாயில என்னாச்சு?"
டீச்சர் அதட்டப் போனார். அண்ணன் துண்டை இறக்கினார்.
"நோவு வந்துச்சு. வெட்டி எடுத்துட்டாக."
"வலிக்குதா?"
"இப்ப இல்ல."
அவளுக்கு அவர் பேச்சு புரிந்துவிட்டது. அடுத்த மேசைக்கு ஓடினாள். நான் வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன்.

செவ்வாய்
மேகம். மழை இல்லை. மதியம் பாலவனத்தம் போனேன். அண்ணன் வீட்டில் இல்லை.
மதினி: "டீச்சரு போன் பண்ணுனாக. பள்ளிக்கூடத்துச் சுவத்துல முழுத் திமிங்கிலமும் வரையணுமாம். காலையிலேயே ஏணியத் தூக்கிட்டுப் போயிட்டாக."
"தனியாவா?"
"தனியாத்தான்."
என்னிடம் சொல்லவில்லை. மதினி தந்த மோரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.